உரிமையும் கெஞ்சலும் ஒரே வரியில்

பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கில நோட்ஸ் ஏதாவது ஒன்றை எடுத்துப் பாருங்கள். இம்ப்ளோர் என்றால் கெஞ்சு என்று போட்டிருக்கும். பிசீச்சுக்கும் கெஞ்சு. என்ட்ரீட், ப்ளீட், சப்ளிகேட் எல்லாவற்றுக்கும் அதே கெஞ்சுதான். ஒரு மார்க் கேள்விக்கு அது போதும், பிள்ளைகளும் மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கோத்தகிரியில் சாயந்தர டியூஷன் எடுக்கும் எனக்குத்தான் அந்தப் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் மனசு ஆறுவதில்லை. தமிழில் இதே காரியத்துக்கு எத்தனை சொல் வைத்திருக்கிறோம்! குழந்தை மிட்டாய்க்குக் கெஞ்சும். சாமியிடம் வேண்டிக்கொள்வோம், இறைஞ்சுவோம். அநியாயம் நடந்தால் முறையிடுவோம். வேலைக்கு விண்ணப்பிப்போம், கூலி உயர்வைக் கோருவோம். இதில் ஒன்றை எடுத்து இன்னொன்றின் இடத்தில் வைத்தால் ஆளே மாறிவிடுவார். தொழிற்சங்கம் கூலி உயர்வுக்குக் கெஞ்சியது என்று நாளிதழில் வந்தால், அந்தச் சங்கத்தைப் பற்றி நாம் நினைப்பதே வேறாகிவிடும். யாரிடம் கேட்கிறோம், கேட்பது நமக்குச் சேரவேண்டியதா இல்லை அவர் மனசு வைத்தால் கிடைப்பதா என்பதையெல்லாம் அந்த ஒரு வினைச்சொல்லே சொல்லிவிடுகிறது.

எனக்கு இது பாடப்புத்தகத்தோடு நிற்கிற விஷயமும் இல்லை. டியூஷன் முடிந்து பிள்ளைகள் கிளம்பும் நேரத்தில் அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் வருவார்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் ரேஷன் கார்டு நகல், ஆதார் நகல், மடிப்பு மடிப்பாகக் கிழியப்பார்க்கும் பழைய ரசீது. “டீச்சர், ஒரு மனு எழுதணும். இங்கிலீஷ்லயே எழுதிக் கொடுத்துடுங்க.” ஊட்டி பிங்கர்போஸ்ட்டில் கலெக்டர் நடத்தும் குறைதீர் கூட்டத்துக்குத் தமிழ் மனுவே தாராளமாகப் போதும் என்று சொன்னாலும் சிலருக்கு மனசு கேட்பதில்லை. ஆங்கிலத்தில் இருந்தால் அதிகாரி நின்று படிப்பார் என்று ஒரு நம்பிக்கை. அந்த ஆங்கில மனுவுக்கென்று ஒரு வாய்ப்பாடு உண்டு. ‘ஐ ஹம்ப்ளி பெக் டு ஸ்டேட்’ என்று தொடங்கும். தாழ்மையோடு கெஞ்சிச் சொல்லிக்கொள்கிறேன் என்பது. முடியும்போது, இந்தக் கருணைச் செயலுக்காக என்றென்றும் பிரார்த்திப்பேன் என்று முடியும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு குடிநீர்க் குழாயோ, முதியோர் ஓய்வூதியமோ, பட்டா மாறுதலோ.

அழுகை, முழங்கால், மன்று

ஆங்கிலத்தில் இந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் ஒரு தனி நிலையில் நிற்கும் மனிதரைக் காட்டுகின்றன. இம்ப்ளோருக்குள் இருப்பது லத்தீன் அழுகை. ப்ளோராரே என்றால் வாய்விட்டு அழுவது. அதனால் அது ஆபத்து நேரத்துச் சொல். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, எப்படியாவது காப்பாற்றுங்கள் என்பவர் செய்வது இம்ப்ளோர். சப்ளிகேட்டில் உடம்பு மடிகிறது. மண்டியிடுகிறவர் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. எளிதில் வளைவதைச் சொல்லும் சப்பிள் அதற்குச் சொந்தம். பிசீச் லத்தீன் வழி வந்ததல்ல, பழைய ஆங்கிலம். தேடு என்கிற சீக்தான் அதற்குள் இருக்கிறது. இறந்தகாலத்தில் பிசாட் என்று ஆகும்போது, சீக்கின் இறந்தகாலமான அந்தச் சாட் வெளியே தெரிந்துவிடும். இன்று கடைத்தெருவில் யாரும் பிசீச் செய்வதில்லை. அது ஜெபத்தில் வாழ்கிற சொல். ஆங்கிலேயர் இந்த மலைக்குக் கொண்டுவந்த 1662ஆம் ஆண்டு ஜெபப் புத்தகத்தில், ‘வீ பிசீச் தீ டு ஹியர் அஸ், குட் லார்ட்’ என்று சபையார் திரும்பத் திரும்பச் சொல்லும் மன்றாட்டு ஒன்று உண்டு. அதை அங்கே கேட்டால் கூச்சம் வருவதில்லை. கடவுளிடம் அப்படிக் கேட்பதில் யாருக்கும் குறைவில்லை.

என்ட்ரீட்டில் அழுகையும் கிடையாது, முழங்காலும் கிடையாது. உடன்படிக்கையைக் குறிக்கும் ட்ரீட்டியும் அதுவும் ஒரே வேரில் வந்தவை. கையாளுவது என்பது அடிப்படைப் பொருள். எதிரில் இருப்பவரைப் பக்குவமாகப் பேசி வழிக்குக் கொண்டுவருவது. கோபித்துக்கொண்டு தாய்வீடு போன மருமகளை அழைத்துவரப் போகும் மாமனார் திண்ணையில் உட்கார்ந்து செய்வது என்ட்ரீட்தான். கெஞ்சு என்று அதை மொழிபெயர்த்தால் மாமனாரின் சாமர்த்தியம் முழுக்கப் போய்விடும். இம்பார்ச்சூன் என்று இன்னொன்று, நச்சரிப்பது. அதன் வேரில் துறைமுகம் இருக்கிறது. ஒதுங்கத் துறைமுகம் இல்லாத கப்பல் மாதிரி, நேரம் காலம் பார்க்காமல் வந்து நிற்பது.

ப்ளீட்தான் எனக்கு மிகவும் பிடித்தது. அது பிறந்த இடம் நீதிமன்றம். வழக்காடுவது என்பதுதான் முதல் பொருள். அரசு வக்கீலை இன்றும் நாம் கவர்ன்மென்ட் ப்ளீடர் என்கிறோம். அவர் யாரிடமும் கெஞ்சுவதில்லை, சட்டத்தைச் சொல்லிக் கேட்கிறார். தமிழில் மன்றாடு என்பதும் இதே பாதையில் நடந்து வந்த சொல். மன்றில் நின்று வழக்குப் பேசுவதுதான் மன்றாடுவது. இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் கைகூப்பிக் கண்கலங்கி நிற்கும் ஒருவர்தான் நினைவுக்கு வருகிறார். இரண்டு மொழியிலும் வழக்கு கெஞ்சலாகத் தேய்ந்திருக்கிறது. க்ரேவ் என்ற சொல்லுக்கு நடந்ததும் அதுதான். பழைய ஆங்கிலத்தில் அது உரிமையோடு கோருவது. இன்று சாக்லேட்டுக்கு ஏங்குவதற்குத்தான் அதைப் பயன்படுத்துகிறார்கள். உரிமையைச் சொல்லும் சொற்கள் இப்படிக் கீழே இறங்குவதைப் பார்க்கும்போது, அந்தச் சொற்களோடு நின்ற மனிதர்கள் எப்படி நடத்தப்பட்டிருப்பார்கள் என்றுதான் எனக்கு யோசனை ஓடும்.

பெக் விஷயம் கொஞ்சம் சிக்கல். அதன் வேர் எது என்பதில் அகராதிக்காரர்களே ஒருமனதாக இல்லை. பிச்சை எடுப்பதும் பெக், மன்னியுங்கள் என்பதும் பெக் யுவர் பார்டன். இரண்டு படித்த ஆங்கிலேயர்கள் கடிதத்தில் ‘ஐ பெக் டு டிஃபர்’, அதாவது உங்கள் கருத்திலிருந்து மாறுபடுகிறேன், என்று எழுதிக்கொண்டால் அது சமமானவர்களின் மரியாதை. அந்த இடத்தில் சொல் தேய்ந்து, எடையே இல்லாமல் இருக்கிறது. அது மரியாதைக்கு எழுதுவது, தப்பாக எடுத்துக்கொள்ளாதே என்று என்னிடம் சொன்ன நண்பர்கள் உண்டு. சரி, அவர்கள் சொல்வது ஆங்கிலக் கடிதத்துக்குப் பொருந்தும். எஸ்டேட் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நிற்கும் ஒரு பெண்ணின் கையில் அந்தச் சொல் அப்படி எடையில்லாமல் இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி. இந்தக் கேள்வி எனக்குள் உறுதிப்பட்டது ஒரு படிவத்தால்.

‘ஐ’ படிவம்

சில வருஷங்களுக்கு முன்பு என்னிடம் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் அம்மா, கோத்தகிரிக்குக் கீழே ஒரு தனியார் எஸ்டேட்டில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பம். சிறு வயதிலேயே மலைக்கு வந்து, வளர்ந்ததும் கூடை மாட்டியவர். நடுவில் எஸ்டேட் ஒருமுறை கைமாறியது. ஓய்வு பெற்று மாதங்கள் போயும் பணிக்கொடை, அதாவது க்ராச்சுவிட்டி, கைக்கு வரவில்லை. ஆபீசில் கேட்டால், லைனை, அதாவது எஸ்டேட் கொடுத்த வரிசை வீட்டை, காலி செய்யுங்கள், பார்க்கலாம் என்றார்கள். அப்போது நடப்பில் இருந்த 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் இதில் குழப்பமே வைக்கவில்லை. 5 வருஷம் தொடர்ந்து வேலை செய்திருந்தால் போதும், ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் கூலி. 30 வருஷம் பறித்தவருக்கு 450 நாள் கூலி. 30 நாளுக்குள் தர வேண்டும், தாமதமானால் வட்டி சேரும். யாருடைய தயவும் இதில் இல்லை.

முதலில் முதலாளிக்கு ஒரு விண்ணப்பம் கொடுக்க வேண்டும். மத்திய விதிகளோடு சேர்ந்த ‘ஐ’ படிவத்தை அந்தப் பெண் ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்து வந்திருந்தாள். அம்மாவும் மகளும் நானும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம். நான் வரி வரியாகப் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். முதல் வாக்கியம் இப்படிப் போகிறது: ‘ஐ பெக் டு அப்ளை ஃபார் பேமென்ட் ஆஃப் க்ராச்சுவிட்டி டு விச் ஐ ஆம் என்டைட்டில்ட்’. நான்காவது பிரிவின் கீழ் எனக்கு உரிமையுள்ள பணிக்கொடையைத் தருமாறு கெஞ்சி விண்ணப்பிக்கிறேன். கீழே, விண்ணப்பதாரரின் கையொப்பம் அல்லது பெருவிரல் ரேகை என்று ஒரு கோடு.

அந்தப் பெண்தான் நிறுத்தினாள். நோட்ஸில் அன்றைக்குத்தான் அந்தப் பட்டியலைப் படித்திருந்தாள். “மிஸ், என்டைட்டில்டுன்னா உரிமை இருக்குன்னுதானே அர்த்தம்? அப்புறம் எதுக்கு பெக்?” என்றாள். பதிலுக்குக் காத்திருக்காமல் பேனாவை எடுத்து அந்தச் சொல்லின் மேல் கொண்டுபோனாள். அம்மா அவள் கையை எட்டிப் பிடித்துவிட்டார். “அடிச்சு கிடிச்சு வைக்காதே. அச்சடிச்ச தாள்ல கை வச்சா திருப்பி அனுப்பிடுவாங்க.” மகள் விடவில்லை, இது நம்ம காசும்மா என்றாள். அதற்கு அந்த அக்கா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “நம்ம காசுதான். ஆனா இத்தனை வருஷமும் கேட்டுத்தானே வாங்கியிருக்கோம். லீவுக்குக் கேட்டோம். கம்பளிக்குக் கேட்டோம். லைன் வீட்டுத் தகரம் ஒழுகுதுன்னு நாலு மழைக்காலம் கேட்டோம். இதையும் கேட்டு வாங்கிக்கிறேன்.” பிறகு பேனாவை வாங்கி, தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக, புள்ளி விடாமல் எழுதினார். பெருவிரல் ரேகைக்கு மை டப்பா பக்கத்திலேயே இருந்தது. அவர் அதைத் தொடவில்லை.

இந்தக் காட்சியை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். கையெழுத்தை விட்டுக்கொடுக்காத அந்த அக்கா, கெஞ்சு என்ற சொல்லை விட்டுவைத்தார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. படிவம் திரும்பி வந்தால் இன்னொரு பஸ், இன்னொரு நாள் கூலி, ஜன்னலில் இன்னொரு பேச்சு. மகள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு பேரையும் இப்படி எதிரெதிரே உட்கார வைத்தது அந்த வாக்கியம். கம்பளியும் ஒழுகாத கூரையும் கொடுக்க வேண்டியது நிர்வாகத்தின் பொறுப்பு, தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்ததே 1951இல். அதையும் கேட்டுக் கேட்டு வாங்கிப் பழகியவருக்கு, கேட்பதும் உரிமையும் வேறு வேறு என்று சட்டமாவது எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். சட்டம் சொன்னது. அதன் கீழ் வந்த படிவம் அதே மூச்சில் பெக் என்றும் போட்டுவிட்டது.

நிர்வாகத்திலிருந்து பதில் வந்தது. எஸ்டேட் கைமாறிய பிறகு உள்ள வருஷங்களுக்கு மட்டும் கணக்குப் போட்டிருந்தார்கள். அடுத்தது ‘என்’ படிவம், பணிக்கொடைத் தகராறை விசாரிக்கும் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு. அதில் பெக்குக்குப் பதில் ப்ரே வருகிறது. தொகையைத் தீர்மானித்துத் தர உத்தரவிடுமாறு மனுதாரர் பிரார்த்திக்கிறார். விசாரணைக்குக் குன்னூர் போனபோது நானும் துணைக்குப் போனேன். சின்ன அறை, பைல் அடுக்கிய மேஜை. நிர்வாகத் தரப்பில் ஒருவர் கோப்போடு வந்திருந்தார். அதிகாரி, “நீங்க என்னம்மா கேக்குறீங்க?” என்றார். அக்கா எழுந்து நின்று, “முன்னாடி முதலாளிகிட்ட நான் செஞ்ச வருஷத்தை விட்டுட்டாங்க சார். அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்க” என்றார். பழைய பி.எஃப். சீட்டுகளை எடுத்து வைத்தார். அவ்வளவுதான் பேச்சு. தாழ்மையோடு என்றும் இல்லை, கருணை என்றும் இல்லை. மன்றாடுதல் என்ற சொல் முதலில் எதைக் குறித்ததோ அதை நான் அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். உத்தரவு அவர் பக்கம் வந்தது, பணமும் வட்டியோடு வந்தது, நாள் பிடித்தாலும்.

கேட்டு வாங்கியது எதுவரை நிற்கும்

ப்ரே என்ற சொல்லுக்கு ஒரு உடன்பிறப்பு உண்டு. ப்ரிகேரியஸ். எந்த நேரமும் கவிழலாம் என்ற நிலையைச் சொல்ல இன்று அதைப் பயன்படுத்துகிறார்கள். இரண்டும் லத்தீன் ப்ரிகாரியிலிருந்து, அதாவது வேண்டிக்கேட்பது என்பதிலிருந்து வந்தவை. ரோமானியச் சட்டத்தில் ப்ரிகேரியம் என்று ஓர் ஏற்பாடு இருந்தது. ஒருவர் கேட்டுக்கொண்டதற்காக நிலத்தையோ பொருளையோ அனுபவிக்க விடுவது. கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கேட்டு வாங்கியதால் அது நிலையில்லாதது. அந்தச் சட்டப் பொருளிலிருந்துதான் ஆங்கிலச் சொல்லுக்கு ஆபத்தான என்ற பொருள் வந்தது.

நீலகிரியில் இருக்கும் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. லைன் வீட்டில் பிறந்து, அங்கேயே கல்யாணமாகி, பிள்ளை பெற்று, 58 வயதில் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே வர வேண்டிய குடும்பங்கள் நம் பக்கத்து வீட்டிலேயே இருக்கின்றன. கூடலூர், பந்தலூர் பக்கம் போனால் பிரிவு 17 நிலம் என்று சொன்னாலே போதும். ஜன்மி என்ற பழைய நிலக்கிழார் முறையை ஒழிக்க வந்த 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் அந்த ஒரு பிரிவில் சிக்கி, பட்டாவுக்கும் மின் இணைப்புக்கும் தலைமுறை தலைமுறையாக மனு எழுதும் ஊர்கள் அங்கே உள்ளன. மனுவின் அச்சு வாசகம் கூட மாறவில்லை, அதே பெக், அதே ப்ரே. கருணைச் செயலாக ஒரு விளக்குக் கம்பம் வந்தால், அது கருணையாகத்தான் வந்தது என்று காகிதத்தில் நாமே எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஒரு சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். கேட்கும் சொல், கொடுத்தது என்ன வகை என்பதையும் பதிவு செய்கிறது.

நீதிமன்ற மனுக்களில் ப்ரேயர் என்ற தலைப்பு இன்றும் இருக்கிறது. வக்கீல்கள் அதை ஒரு தொழில் சொல்லாகப் புழங்குகிறார்கள், “ப்ரேயர் என்ன?” என்றால் என்ன நிவாரணம் கேட்கிறீர்கள் என்று பொருள். அங்கே அது இருந்துவிட்டுப் போகட்டும், இரு தரப்புக்கும் அந்த மொழி பழகியது. ஒரு தொழிலாளி தானே நிரப்பிக் கையெழுத்துப் போடும் படிவத்தில் அது இருக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

ஈ, தா, கொடு

தொல்காப்பியர் இதை எப்போதோ யோசித்து வைத்துவிட்டார். கேட்பதற்கு மூன்று சொல், ‘ஈ என் கிளவி இழிந்தோன் கூற்றே’, ‘தா என் கிளவி ஒப்போன் கூற்றே’, ‘கொடு என் கிளவி உயர்ந்தோன் கூற்றே’. கீழே நிற்பவன் ஈ என்பான், சமமானவன் தா என்பான், மேலே இருப்பவன் கொடு என்பான். சொல்லதிகாரத்தில் இது வெறும் இலக்கணக் குறிப்பாக வருகிறது. என்னைப் பொறுத்தவரை, மனு எழுத உட்காரும் ஒவ்வொருவரும் முதலில் படிக்க வேண்டிய பாடம் இது. 1909இல் காந்தி ஹிந்து சுயராஜ்யத்தில் இதே இடத்துக்கு வேறு வழியில் வந்தார். சமமானவர் தரும் மனு மரியாதையின் அடையாளம், அடிமை தரும் மனு அடிமைத்தனத்தின் அடையாளம் என்றார். தொல்காப்பியர் சொன்ன ஏற்றத்தாழ்வு இன்றைய தமிழில் அந்தச் சொற்களில் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை, கொடு என்று யாரும் யாரிடமும் சொல்லலாம். ஆனால் தா என்ற அந்த நடு இடம், ஒப்போன் நிற்கும் இடம், அதைத்தான் நான் மனுவில் தேடுகிறேன்.

அதனால் என்னிடம் வருகிறவர்களுக்கு இப்போது இப்படித்தான் எழுதிக் கொடுக்கிறேன். தமிழ் மனுவில் ‘கேட்டுக்கொள்கிறேன்’, சட்டம் தரும் ஒன்றாக இருந்தால் ‘கோருகிறேன்’. சட்டத்தின் பெயர், ஆண்டு, பிரிவு எண் முதல் வரியிலேயே வந்துவிடும். ஆங்கிலம்தான் வேண்டும் என்பவர்களுக்கு ‘ஐ ரிக்வெஸ்ட்’, ‘ஐ அப்ளை’, தேவையானால் ‘ஐ க்ளெய்ம்’. உடம்பு முடியாதவருக்கு மருத்துவ உதவி கேட்கும் கடிதம் என்றால் ப்ளீஸ், கைண்ட்லி எல்லாம் போடுவேன், அது உண்மையிலேயே ஒருவரின் மனசைக் கேட்பது. பிள்ளைகளுக்கும் அந்தக் கெஞ்சுப் பட்டியலை அடித்துவிட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆளைச் சொல்கிறேன், தியேட்டர் வாசலில் நிற்பவர், ஜெபிப்பவர், மாமனார், வக்கீல். பரீட்சையில் மார்க் குறைந்ததில்லை.

சில பெரியவர்கள் இன்னும் முகம் சுருக்குகிறார்கள். “ஒரு ‘ஹம்ப்ளி’யாவது சேர்த்துக்கோங்க டீச்சர், அதிகாரி கோவிச்சுக்கப் போறாரு” என்கிறார்கள். அவர்கள் முன்னால் நான் சொற்பொழிவு ஆற்றுவதில்லை. மனுவின் கீழே ‘நன்றியுடன்’ என்று சேர்த்து, முதல் வரியில் பிரிவு எண்ணை இன்னொரு முறை சரிபார்த்து, மேலே எழுதிய ‘கோருகிறேன்’ அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிக் கையெழுத்துப் போடக் கொடுக்கிறேன். இரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்றில் அலுவலகத்தின் சீல் வாங்கி வையுங்கள் என்பதை மட்டும் அழுத்திச் சொல்லி அனுப்புகிறேன்.